முனிராஜுவின் ஸ்கேல் பாக்கெட்

ஆண்குறி என்ற சொல்லை இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். என் பணிக்காலத்தில் பாதி அந்த உறுப்புக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும்தான் போயிற்று. இருதய வார்டில் வேலை பார்த்த என் தோழிகள் ஓய்வு பெற்ற பிறகு கல்யாண வீடுகளில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்கிறார்கள். என்னிடம் யாராவது எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு "கிட்னி" என்று சொல்லிவிடுவார். மனிதருக்கு அவ்வளவு பயம்.

போன மாதம், எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இப்போது ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பில் இருக்கும் பெண் போன் செய்தாள். அங்கே புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். விதைப்பைக்குள் சின்னதாக ஒரு பம்பு. அமுக்கினால் நீர் ஏறி விறைக்கும், வேலை முடிந்ததும் இறக்கிவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது. "உங்க காலத்துல வெறும் கம்பிதானாமே சிஸ்டர், எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நாங்கள் எங்கே சமாளித்தோம், சமாளித்தது லட்சுமம்மா என்றேன். அது யார் என்றாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். லட்சுமம்மாவைக் கேட்டால், என் பெயரையே போடு, எனக்கென்ன பயம் என்பாள். அவள் கணவரைக் கேட்டால் ஊரைவிட்டே போய்விடுவார்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. மதுரையில் நர்சிங் படித்தேன். கணவருக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, எண்பதுகளில் இரண்டு பெட்டியும் ஒரு ஸ்டவ்வுமாக வந்து இறங்கினோம். நான் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி கன்னடத்தில் முனகுவார், அடுத்த கட்டில் தெலுங்கில் திட்டும், அதற்கடுத்தவர் திருநெல்வேலித் தமிழில் சாப்பாட்டைக் குறை சொல்வார். சிறுநீரகப் பிரிவில் என்னைப் போட்டபோது நான் அழாத குறை. ஆனால் அங்கே பாஷை சுலபமாக வந்துவிட்டது. ஒன்றுக்குப் போவதற்குக் கன்னடமும் தெலுங்கும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. அது தெரிந்தால் அந்த வார்டில் பாதி வேலை முடிந்தது.

எங்கள் பெரிய டாக்டர் பெங்களூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களோடு பேசியே தமிழ் கற்றவர். காரை விட்டு இறங்கியதும் அவர் கண் போவது, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சின் மேல்தான். விறைப்பு இல்லை என்று வருகிற ஆண் தனியாக உட்கார்ந்திருந்தால், அன்பாக வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார், கூப்பிட மாட்டார். மனைவியோடு வந்தால் முதல் ஆளாகக் கூப்பிடுவார். இது அவருடைய சட்டம். ஒருவர் இதைப் பற்றிச் சண்டைக்கு வந்தபோது டாக்டர் சொன்னார்: "கல்யாணத்துல நீங்க ஒருத்தரே மாலை போட்டுக்கிட்டீங்களா? அப்போ ரெண்டு பேர் இருந்தாங்க அல்லவா? இப்பவும் ரெண்டு பேர் வாங்க."

தியேட்டருக்குள் அவர் வேறு மனிதர். நோயாளியிடம் வெளியே எவ்வளவு கேலி பேசினாலும், உள்ளே அந்த உறுப்பைப் பற்றி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கக் கூடாது. ஒருமுறை ஓர் உதவியாளன் மாஸ்க்குக்குள் களுக்கென்று சிரித்துவிட்டான். டாக்டர் கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. அவன் முகம் செத்துப்போகும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, பிறகுதான் கத்தியை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பையன் தியேட்டரில் தும்மக்கூட யோசிப்பான்.

அந்த ஆபரேஷன் எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் புற்றுநோய் வந்தால் சுரப்பியையே எடுத்துவிடுவார்கள். அதை ஒட்டி மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை அறுபட்டால் உயிர் தங்கும், விறைப்பு போய்விடும். இப்போது மருந்துக் கடையில் கிடைக்கிற மாத்திரை அப்போது வரவில்லை. இருந்ததெல்லாம் லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருமுறை வந்து உட்கார்கிற வைத்தியர்களும் சிட்டுக்குருவி லேகியமும்தான். அதையெல்லாம் தின்று பார்த்துவிட்டு, வயிற்றுப்போக்கோடு எங்களிடம் வருவார்கள்.

நாங்கள் வைத்தது இரண்டு கம்பிகள். வெளியே வழவழப்பான சிலிக்கான், உள்ளே முறுக்கிய வெள்ளிக் கம்பி. ஆண்குறிக்குள் இயற்கையாகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழல்கள் உண்டு. ரத்தம் வந்து நிறைய வேண்டிய அந்த இடத்தில் கம்பி உட்கார்ந்துகொள்ளும். நிமிர்த்தினால் நிமிர்ந்து நிற்கும், வளைத்தால் வளைந்து நிற்கும். ஆனால் தளராது. விறைப்பு இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அந்த ஆபரேஷன் நாளில் எனக்கு உயிர் போய் உயிர் வரும். உள்ளே வைக்கிற பொருளில் கிருமி ஒட்டினால் கம்பியையே எடுக்க வேண்டியதுதான். அதனால் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான், யாரும் வரப்போக முடியாது. கையுறையில் இருக்கும் பவுடரை நன்றாகக் கழுவ வேண்டும். கம்பியைத் துணியால் துடைக்கக் கூடாது, காஸ் துணியின் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. சிலிக்கான் பஞ்சு நூலைப் பார்த்தால் விடாது, இழுத்து ஒட்டிக்கொள்ளும். மருந்து கலந்த நீரில் ஊறவைத்து, சொட்டச் சொட்ட எடுத்து நேராக டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அளவு. குழலுக்குள் அளவுகோலை நுனிப் பக்கமாக ஒரு தடவை, அடிப் பக்கமாக ஒரு தடவை விட்டுப் பார்ப்பார். அவர் சொல்லும் எண்ணை நான் திருப்பிச் சொல்வேன். மறுபடியும் அளப்பார், மறுபடியும் சொல்வேன். நீளம் கூடினால் நாளடைவில் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரும். குறைந்தால் நுனி தொங்கிவிடும். தொளதொள சட்டையைக்கூட ஊசி போட்டுச் சரி பண்ணலாம், இதை என்ன பண்ணுவது என்பார் டாக்டர்.

இனி முனிராஜு. அவர் ஊர், ஓசூரை அடுத்த பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகத் தொழிற்சாலைச் சீருடை போட்டவர் இவர்தான். டூல்ரூம் பிட்டர். இயந்திரங்களுக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் செய்கிற பகுதி அது, அங்கே கை சுத்தமும் அளவு சுத்தமும் உள்ளவர்களைத்தான் விடுவார்கள். அவருடைய காக்கி உடுப்பில் ஒரு கறை பார்க்க முடியாது. ஐம்பது தாண்டியிருந்த அவருக்குப் பெங்களூரில் புராஸ்டேட் ஆபரேஷன் ஆகி ஒரு வருடமாகியிருந்தது. புற்று போயே போய்விட்டது. கூடவே இன்னொன்றும் போய்விட்டது.

முதல் தடவை தனியாக வந்து, தன் நண்பருக்கு இப்படி ஒரு பிரச்சினை என்றார். டாக்டர் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த நண்பரையும் நண்பரின் மனைவியையும் அழைத்து வரச் சொல்லி நான் அனுப்பிவைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மனைவியோடு வந்தார். லட்சுமம்மா பளிச்சென்று தலை நிறைய ரோஜா வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த ஆண் உடம்பின் உள்படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, கண்ணு பாக்கற எடத்துல இந்தப் படத்த எதுக்கு மாட்டிக்கீறாங்க?" என்று கேட்டாள்.

முனிராஜு அவளுக்குக் கண் பரிசோதனை என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு ஆபரேஷனில் நரம்பு போனது, அதனால் விறைப்பு இல்லை, அவர் மேல் குற்றமில்லை, உங்கள் மேலும் குற்றமில்லை என்று நிதானமாகச் சொன்னார். லட்சுமம்மா கணவரைப் பார்த்து, "ஒரு வருசமா நைட்டு சிப்ட்ட கேட்டுக் கேட்டு வாங்கனது இதுக்குத்தானா?" என்றாள். "உனுக்கு என்னெ புடிக்கலன்னு நெனச்சிக்கினேன். வேற யாரோன்னும் நெனச்சேன். சந்தையில பாக்கற பொம்பளங்களையெல்லாம் ஒரு மாதிரி பாத்துக்கினு திரிஞ்சேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும், ஒரு வருடம் இரண்டு பேரும் தனித்தனியாக வெந்திருக்கிறார்கள்.

டாக்டர் மேஜையிலிருந்த மாதிரிக் கம்பியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொன்னார். உணர்ச்சி இருக்கும், விந்து வராது, குழந்தை பிறக்காது. பேரனே பிறந்துவிட்டான், அதெல்லாம் எதற்கு என்றாள் லட்சுமம்மா. கம்பியைக் கையில் எடுத்து வளைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி வளைத்தாள். பிறகு கேட்டாள்: "இது துரு புடிக்காதுங்களா?"

அதுவரை குனிந்திருந்த முனிராஜு சட்டென்று நிமிர்ந்துவிட்டார். வெள்ளி எப்படித் துருப்பிடிக்கும் என்று அவளுக்கு விளக்கினார். அப்படியே டாக்டர் பக்கம் திரும்பி, எத்தனை தடவை வளைத்தால் உள்ளே இருக்கும் கம்பி ஒடியும், கம்பெனிக்காரன் சோதித்துப் பார்த்தானா என்று கேட்டார். நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அது தாங்கும் என்றார் டாக்டர். அறைக்கு வெளியே வந்துவிட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புண் ஆறி, டாக்டர் அனுமதித்து, சில வாரம் கழித்து இருவரும் ஒரு கூடை தக்காளியோடு வந்தார்கள். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "பிட்டிங் ஓகே சார்" என்றார் முனிராஜு. லட்சுமம்மா தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

வேலைக்குப் போகும்போது எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். மேல்பக்கமாக வயிற்றோடு சேர்த்து வை, இறுக்கமாக உள்ளாடை போடு, சட்டையை வெளியே விட்டுக்கொள். எல்லாருக்கும் சொல்கிற பாடம்தான். ஆனால் முனிராஜுவின் தொழிற்சாலையில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை இயந்திரத்தில் சிக்கும். சட்டையை உள்ளே விட்டால் மேல்பக்கம் வைத்தது தெரியும். அவர் யோசித்தார், டூல்ரூம்காரர் யோசிப்பது போல யோசித்தார். பிட்டர்களின் பேண்ட்டில் வலது தொடைப் பக்கம் நீளமாக ஒரு பாக்கெட் இருக்கும், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் வைப்பதற்காக. இருப்பதை வலப்பக்கமாகக் கீழே வளைத்து அந்தப் பாக்கெட்டை ஒட்டி விட்டுக்கொண்டால், பார்க்கிறவன் ஸ்கேல் என்றுதானே நினைப்பான்?

நினைத்தான். அதுதான் வினை.

பகல் முழுக்க யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லாரும் வரிசையாகக் கேட்டுக்கு வந்தார்கள். அங்கே காவலாளிகள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், பித்தளைத் துண்டு, டிரில் பிட்டு எதுவும் போகக் கூடாது என்பதற்காக. ஸ்கேலைக்கூட உள்ளே ஒப்படைத்துவிட்டுத்தான் வர வேண்டும். முனிராஜுவும் தன் ஸ்கேலை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனால் இன்னொன்றை எங்கே ஒப்படைப்பது? காவலாளியின் கை தொடையில் பட்டது, நின்றது. உள்ளே என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றார். காட்டு என்றான். முடியாது என்றார். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் டூல்ரூமிலிருந்து விலையுயர்ந்த ரீமர் ஒன்று காணாமல் போயிருந்தது. அதுவும் கம்பி மாதிரி இருக்கிற கருவி. சோதனைக்கு மறுத்தார், கருவி திருடியதாகச் சந்தேகம் என்று முனிராஜுவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். கம்பெனி பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. ஜன்னலுக்கு ஒரு தலையாக எல்லாரும் எட்டிப் பார்த்தார்களாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் சீருடையோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தனியாக. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்ததும் தன் சட்டத்தை மீறி உள்ளே கூப்பிட்டார். முனிராஜு நடந்ததைச் சொல்லிவிட்டு, "எடுத்துருங்க சார்" என்றார். "எங்க வம்சத்துல யாரும் அடுத்தவன் வயல்ல ஒரு கதிர் ஒடிச்சதில்ல. என்னெத் திருடன்னு பஸ்ஸுல பேசறாங்க. இத எடுத்துட்டு வந்து நிக்கறேன், தடவிப் பாக்கட்டும்."

வீட்டில் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். தெரியாது. தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்பி, மலைக்கோயில் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எடுப்பது பெரிய விஷயமில்லை, ஆனால் அதைப் போடச் சொன்னது இரண்டு பேர், எடுக்கச் சொல்வதும் இரண்டு பேராக இருக்க வேண்டும் என்றார். லட்சுமம்மாவைக் கூட்டிவர ஆள் போனது.

இந்த முறை அவள் படத்தைப் பார்க்கவில்லை, நேராக உள்ளே வந்தாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை. எடுக்க வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அந்த கேட்டுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள். முனிராஜு பதறிப்போய், வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்றார்.

"திருடன்னு பேரு வாங்கினியே, அதுல போவாத மானம் இதுல போயிருமா?" என்றாள் லட்சுமம்மா. "மறுபடியும் நீ நைட்டு சிப்ட்டுக்குப் போறத நான் பாத்துக்கினு இருக்க மாட்டேன்."

தொழிற்சாலைக்குத் தானே போன் செய்து சொல்வதாக டாக்டர் சொன்னார். வேண்டாம், நீங்கள் சொன்னால் ஆஸ்பத்திரி விஷயமாகிவிடும், இது எங்கள் வீட்டு விஷயம், சிஸ்டர் மட்டும் கூட வரட்டும் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நர்ஸ் உடையோடு நான் நுழைந்த ஒரே கம்பெனி கேட் அதுதான்.

செக்யூரிட்டி ஆபீசர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சித்தூர்ப் பக்கம். நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முனிராஜுவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு எங்களை மட்டும் உள்ளே அனுமதித்தார். லட்சுமம்மா அவர் பேச்சைக் கேட்டதும் தெலுங்குக்கு மாறிவிட்டாள். புற்றுநோய், பெங்களூர், ஒரு வருட நைட் ஷிப்ட், கம்பி, ஸ்கேல் பாக்கெட் எல்லாவற்றையும், தக்காளி விலை சொல்வது போல ஒன்று விடாமல் சொன்னாள். இடையில் அவர் என்னைப் பார்த்தபோதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியதுதான் என் வேலை. கடைசியில் அவருக்குச் சந்தேகமே வரக் கூடாது என்று தமிழிலும் ஒருமுறை சொன்னாள்: "உங்க ஆளு தொட்டுப் பாத்தது கம்பெனிப் பொருள் இல்லீங்க. எங்க வூட்டுப் பொருள்."

ஆபீசர் ஜன்னல் வழியாக, கேட்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற முனிராஜுவைப் பார்த்தார். மணியை அடித்துக் காவலாளியைக் கூப்பிட்டு, இந்த ஆளிடம் தப்பில்லை, டாக்டர் விஷயம், இன்றைக்கே இரண்டாம் ஷிப்ட்டுக்கு அனுப்பு, இனிமேல் இவரைத் தடவ வேண்டாம், பையை மட்டும் பார் என்றார். மேலிடத்தில் தானே பேசிக்கொள்வதாக எங்களிடம் சொன்னார். அந்த ரீமர் பிறகு ஓர் அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாம்.

முனிராஜு தொழிற்சாலைக்குள் போவதை அந்த ஜன்னலில் நின்று பார்த்தோம். நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. லட்சுமம்மா முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் அழுதது.

நாங்கள் கிளம்பி வாசல் வரை போய்விட்டோம். பின்னாலிருந்து ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். கதவைப் பாதி சாத்தினார். தனக்கும் பட்டாள ஆஸ்பத்திரியில் அதே புராஸ்டேட் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடமாகிறது என்றார். மேஜை மேலிருந்த தொப்பியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஒருவழியாக, எங்கள் டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், பாதி சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து லட்சுமம்மா சொன்னாள்: "செவ்வாயும் வெள்ளியுங்க. தனியாப் போனா பாக்க மாட்டாரு, வூட்டம்மாவக் கூட்டிக்கினு போங்க. கண்ணு டெஸ்ட்டுன்னு மட்டும் சொல்லிறாதீங்க."